பதினொரு மேற்படி

தலைமையேற்றிருக்கும் சுகாதார அலுவலர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் தம்பி அவர்களே, அவர் அருகிலிருக்கும் அவர் மகளே, கதவோரம் நின்றுகொண்டிருக்கும் பல் சிகிச்சை அறையின் உதவியாளர் அம்மா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். உதவியாளர் அம்மா, உள்ளே வந்து உட்காருங்கள். இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை.

நூறு நாற்காலி போட்டிருக்கிறோம். வந்திருப்பவர்கள் இருபத்திரண்டு பேர். மேடையிலிருந்தே எண்ணிவிட்டேன், தவறாக நினைக்க வேண்டாம். எண்ணுவதும் அளப்பதும் என் பிழைப்பு. இந்த ஊர்த் தண்ணீரைப் பரிசோதிக்கிறவன் நான். முப்பத்து மூன்று ஆண்டுகளாகத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை. நாக்கு எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காக இங்கே கூடியிருக்கிறோம்? இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த ஊர்க் குழந்தைகளின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவருக்காகக் கூடியிருக்கிறோம். பெரியவர்களுக்கு அவர் பல் டாக்டர் அம்மையார். குழந்தைகளுக்கு ‘ஆ டாக்டர்’. அவருடைய சிகிச்சை அறைக்குள் குழந்தை நுழைந்ததும் அவர் பெயர் கேட்க மாட்டார், வயது கேட்க மாட்டார். தன் வாயை அகலத் திறந்து, “ஆ…” என்பார். எதிரே நிற்கும் மூன்று வயசு தானாகவே வாயைத் திறந்துவிடும். கூட வந்த அப்பாவும் திறந்துவிடுவார். அப்படித் திறந்த அப்பாக்களில் நான்கு பேருக்குச் சொத்தைப் பல் கண்டுபிடித்ததாக உதவியாளர் அம்மா சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்த ஊருக்கு அவர் வந்தபோது இங்கே எப்படி இருந்தது என்று இன்றைய பெற்றோருக்குத் தெரியாது. ஐந்து வயதுக் குழந்தைகள் பத்துப் பேரை நிறுத்தினால் ஏழு பேருக்கு வாயில் கறுப்புக் கட்டைகள். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவைப்பார்கள். அழுதால் மிட்டாய், அழுகை நின்றதற்கு இன்னொரு மிட்டாய். முன்பல் நான்கும் ஈறோடு தேய்ந்துபோன குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பனார் வந்தார். நான் அப்போது அந்த அறைக் குழாயில் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன்.

“பால் பல்லுதானே டாக்டரம்மா, எப்படியும் விழுந்துடப் போவுது” என்றார் அவர்.

“விழுற வரைக்கும் அவன் எதை வச்சு மெல்லுவான்? உங்க பல்லக் கடன் குடுப்பீங்களா?” என்றார் டாக்டரம்மா.

அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் குரல் ஏறும். ‘பால் பல்லுதானே’ என்று யாராவது சொன்னால் போதும்.

அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? துப்புவது. ஆம், துப்புவது. சின்னக் குழந்தை பேஸ்டை விழுங்கிவிடும், அதுவும் இனிப்பாக இருந்தால் இன்னும் கேட்கும். பேஸ்டில் இருக்கிற ஃபுளூரைடு பல்லின் மேல் படிய வேண்டும், வயிற்றுக்குள் போகக்கூடாது. அதனால் காப்பகம் காப்பகமாகப் போய், நடுவில் ஒரு வாளியை வைத்து, யார் சரியாக வாளிக்குள் துப்புகிறார்கள் என்று போட்டி வைத்தார். ஒரே மாதத்தில் ஊர்க் குழந்தைகள் எல்லாம் துப்புவதில் தேறிவிட்டன. அடுத்த மாதம் ஒரு தாய் வந்து, “டாக்டரம்மா, வீட்டுக்கு வந்த மாமனாரோட டம்ளருக்குள்ள துப்பிட்டான். குறி தப்பவே இல்ல” என்று அழாத குறையாகச் சொன்னார். டாக்டரம்மா அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கண்டிக்கப் போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கையைக் கொடுத்துக் குலுக்கினார்.

இப்படிப் பேசிக்கொண்டே போனால் எனக்குச் சுலபம். உங்களுக்கும் சுலபம். சிரித்துவிட்டுக் கலைந்து போகலாம். ஆனால் இன்று காலை தலைவர் அவர்கள், கூட்டத்தின் முடிவில் வாசிக்கவிருக்கும் இரங்கல் தீர்மானத்தை என்னிடம் காட்டினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எழுத்துப் பிழை இல்லை. நடுவில் ஒரு வரி இருக்கிறது: ‘பணிக்காலத்தில் அவரால் ஒரு பெருந்தவறு நேர்ந்தபோதும், அதை ஒப்புக்கொண்ட அவரது நேர்மையை இம்மன்றம் போற்றுகிறது.’ நல்லெண்ணத்தில் எழுதிய வரி. அலுவலகக் கோப்பிலும் போகும், சிகிச்சை அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் தொங்கும். அந்த வரி நிற்கக் கூடாது என்று சொல்லத்தான் நான் எழுந்து வந்திருக்கிறேன்.

அந்தத் தவறு எது? இங்கே இருப்பவர்களில் வயதானவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

அவர் வந்து மூன்று ஆண்டுகள் ஆனபோது, காப்பகத்துக் குழந்தைகளுக்கு ஃபுளூரைடு சொட்டு மருந்து கொடுக்கலாம் என்று திட்டம் போட்டார். தண்ணீரில் இயல்பாகவே கொஞ்சம் ஃபுளூரைடு இருக்கும். அது மிகவும் குறைவாக இருக்கிற ஊர்களில் பிள்ளைகளுக்குப் பல் சீக்கிரம் சொத்தையாகும். அந்தக் குறையைச் சொட்டு மருந்து ஈடுசெய்யும். ஆனால் தண்ணீரிலேயே போதுமான அளவு இருந்தால் சொட்டு கொடுக்கக் கூடாது. ஏன் கூடாது? ஈறுக்குள்ளே நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கிற வயதில் ஃபுளூரைடு மிஞ்சிப் போனால், அந்தப் பல் வெளியே வரும்போது வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாக வரும். கொடுமை என்னவென்றால், ஒரு வயதில் செய்த தப்பு ஏழு வயதில்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே அவர் என்ன செய்தார்? நேரே என்னிடம் வந்தார்.

“தண்ணி சார், எனக்கு ஒரே ஒரு நம்பர் வேணும். நம்ம தொட்டித் தண்ணில ஃபுளூரைடு எவ்வளவு? ஒரு மாசம் பாத்துச் சொன்னா போதாது. வருஷம் முழுக்க, மாசாமாசம் வேணும்” என்றார்.

கொடுத்தேன். லிட்டருக்குப் பூஜ்யம் புள்ளி மூன்று மில்லிகிராம். மிகக் குறைவு. சொட்டு மருந்து கொடுக்கலாம். மாதா மாதம் கொடுத்தேன், ஆறு வருடம் கொடுத்தேன், எல்லா மாதமும் பூஜ்யம் புள்ளி மூன்று.

அந்த ஆறு வருடத்தில் சொத்தை குறைந்தது. பத்தில் ஏழு என்று இருந்தது பத்தில் மூன்று ஆனது. வெளியூரிலிருந்து வந்து பார்த்தார்கள். செய்தித்தாளில் அவர் படம் வந்தது. வாளியும் படத்தில் இருந்தது.

ஒருநாள் மாலை ஒரு சிறுமி பள்ளிவிட்டு ஓடிவந்து அந்த அறைக்குள் நுழைந்தாள். “அத்தை, புதுப் பல்லு வந்துடுச்சு, பாருங்க” என்று வாயைத் திறந்தாள். மேலே இரண்டு முன்பல். இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடு. அந்தச் சிறுமி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் இருக்கிறாள். மன்னித்துவிடு அம்மா, உன்னைக் கேட்காமல் சொல்கிறேன். அப்போது நீ வலது கையால் வாயை மறைத்துச் சிரிக்கப் பழகியிருக்கவில்லை. வாய்நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாயாம். உதவியாளர் அம்மா சொன்னார். உன் அத்தையும் சிரித்துக்கொண்டே, “அழகா இருக்குடி” என்று உன்னை அனுப்பிவிட்டு, பல் பார்க்கும் கண்ணாடியைக் கழுவக்கூட மறந்து, கையுறையோடு என் பரிசோதனைக் கூடத்துக்கு நடந்து வந்தார்.

வந்தவர் அறிக்கை கேட்கவில்லை. பதிவேட்டைக் கேட்டார்.

அறிக்கை என்பது நான் அவருக்குத் தட்டச்சு செய்து கொடுப்பது. பதிவேடு என்பது என் மேசையிலேயே இருப்பது. அதில் என் கையால் எழுதியிருப்பேன். ஆறு பதிவேடுகளையும் மேசையில் வரிசையாகத் திறந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் முதல் மாதத்துக்கு எதிரே 0.3. அதற்குக் கீழே மேற்படி. அதற்குக் கீழே மேற்படி. அதற்கும் கீழே மேற்படி. பக்கத்தின் அடிவரை பதினொரு மேற்படி. ஆறு வருடமும் அப்படித்தான். ஒரே பேனா, ஒரே மை, ஒரே கைச்சாய்வு. ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதினால்தான் எழுத்து அவ்வளவு ஒழுங்காக வரும்.

இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கிறீர்கள். பாருங்கள்.

புதுப் பதிவேடு தொடங்குகிற மாதம் மழைக்காலத்தில் வரும். அப்போது தொட்டியில் நிரம்புவது ஆற்றுத் தண்ணீர். அந்த மாதம் ஒழுங்காக ஏணியேறி, புட்டியில் பிடித்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து சோதித்து எழுதுவேன். அடுத்த மாதமும் அதே தொட்டி, அதே ஏணி, அதே தண்ணீர், இதில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்ற மெத்தனம். கோடையில் ஆறு வற்றும். அப்போது தொட்டிக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். என் மனைவிகூட ஒருநாள் கேட்டாள்: “பாத்திரத்துல வெள்ளை வெள்ளையா படியுதே, நீங்க தண்ணி பாக்குறவர்தானே, என்னன்னு பாக்கக்கூடாதா?”

“கோடையில அப்படித்தான் இருக்கும்” என்றேன். பதிலை என் வாயாலேயே சொன்னேன். என் காதில் அது விழவில்லை.

டாக்டரம்மா பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: “கோடையில ஒரு தடவையாவது ஏறினீங்களா?”

“இல்லம்மா.”

“இப்ப கோடைதான். வாங்க ஏறுவோம்.”

இருவரும் ஏறினோம். புட்டியில் பிடித்துக்கொண்டு வந்தோம். நான் சோதித்தேன், அவர் நாற்காலியைக்கூட இழுத்துப் போடாமல் மூன்று மணி நேரமும் பக்கத்திலேயே நின்றார். ஒன்று புள்ளி எட்டு வந்தது. தண்ணீரிலேயே தேவைக்கு மேல். அதற்கு மேல் சொட்டு. ஆறு கோடை.

புதுப் பல் முளைக்க முளைக்கப் பின்னால் தெரியவந்த கணக்கு: நூற்று நாற்பத்தொரு குழந்தைகள். அவர்களில் முப்பது பேருக்குப் பழுப்புக் கறை, மற்றவர்களுக்கு வெள்ளைத் திட்டு. எல்லாம் உறுதியான பற்கள், ஒன்றிலும் சொத்தை இல்லை. ஆனால் எந்தத் தாயிடம் போய் ‘உறுதியாக இருக்கிறது’ என்று சொல்ல முடியும்?

நான் வேலையை விட்டுவிடுகிறேன், எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றியபடி அவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொல்கிறேன்: “நீங்க போயிட்டா அந்த இடத்துக்கு இன்னொருத்தர் வருவாரு. அவரு கோடையில ஏறுவாருன்னு என்ன நிச்சயம்? நீங்க இனிமே ஏறாம இருக்க மாட்டீங்க. எனக்கு அது போதும். சொட்ட ஊத்தினது என் கை. நான் பேசிக்கிறேன்.”

மகான் மாதிரி பேசினார் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குப் போட்டுத்தான் பேசினார். குழந்தைகளுக்கு எது பயன்படும் என்று ஒரு பக்கம் வைத்தார், தன் பெயரை மறுபக்கம் வைத்தார், பெயரை எடுத்துக் கீழே போட்டார். நான் என்ன செய்தேன்? சரி என்று தலையாட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

மறுவாரம் பெற்றோர் கூட்டம். இதே மண்டபம். அன்று நூறு நாற்காலி போதவில்லை, சுவரோரமெல்லாம் ஆட்கள். “அளவு பார்த்ததில் தவறு நடந்துவிட்டது, பொறுப்பு என்னுடையது” என்று அவர் சொன்னார். அப்போது ஒரு தாய் எழுந்தார்.

“உங்களுக்குன்னு ஒரு குழந்தை இருந்தா அது வாயில இத ஊத்தியிருப்பீங்களா டாக்டரம்மா?”

அவர் பதில் சொல்லவில்லை. இதோ இந்த இடத்தில் நின்றார், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு. பதில் இல்லாததால் நின்றார் என்று ஊரே நினைத்தது. பதில் இருந்தது. காப்பகத்தில் முதல்நாள் முதல் சொட்டு விழுந்தது அவர் தம்பி மகளின் நாக்கில். ஒரு வயதுக் குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தானே ஊற்றினார். அந்தக் குழந்தையை எழுப்பி நிறுத்தி, ‘இதோ பாருங்கள், என் வீட்டுப் பிள்ளைக்கும்தான்’ என்று காட்டியிருந்தால் அந்தத் தாய் உட்கார்ந்திருப்பார். ஏழு வயதுக் குழந்தையின் பல்லைக் காட்டித் தப்பித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

தம்பி அவர்களே, உட்காருங்கள். எழுந்து போகிறீர்கள். போக உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் பாதியில் போனால் நான் இதுவரை சொன்னது எனக்குத்தான் லாபம், உங்களுக்கு எதுவும் மிஞ்சாது. மகள் உங்கள் கையைப் பிடிக்கிறாள். அவளுக்காகவாவது உட்காருங்கள்.

நன்றி.

அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் நீங்கள் சிகிச்சை அறைக்கு வந்தீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினீர்கள். “உன் படம் பேப்பர்ல வரணும்னு எம் பொண்ணு பல்லக் கெடுத்துட்டியே அக்கா. இனிமே எங்க மூஞ்சில முழிக்காதே” என்றீர்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிறீர்கள். கதவுக்கு இந்தப் பக்கம், குழந்தைகள் காத்திருக்கிற பெஞ்சில், நான் உட்கார்ந்திருந்தேன். அந்த மாத அறிக்கையைக் கொடுக்க வந்திருந்தேன். நான்கு எட்டு வைத்தால் கதவு. திறந்து, “அக்காவை ஏசாதீங்க, தப்புப் பண்ணவன் நான்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் வெளியே வந்தபோது என்னைப் பார்த்தீர்கள். நான் அறிக்கையைப் படிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மாதக் கடைசியில் நீங்கள் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது ஆண்டுகள். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளை நான் எப்படிச் சொல்வேன்?

திட்டத்தின் தலைமைப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஒற்றை அறையை மட்டும் விட்டுவைத்தார்கள். பெற்றோர் குழந்தைகளை அழைத்துவருவதை நிறுத்தினார்கள். ஒரு நாளைக்கு முப்பது குழந்தை வந்த இடத்தில் வாரத்துக்கு இரண்டு பேர். அவர் தினமும் காலையில் வந்து கருவிகளைக் கொதிக்கவைப்பார், வரிசையாக அடுக்குவார், மத்தியானம் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார், சாயங்காலம் தொடாத கருவிகளை மறுபடி எடுத்துவைப்பார். கடைத்தெருவில் அவரைக் கண்டால் சிலர் தெருவின் அடுத்த பக்கத்துக்கு மாறி நடப்பார்கள். கோபம்கூட அல்ல அது, என்ன பேசுவது என்று தெரியாத சங்கடம். சங்கடம் பழகி, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவருக்கு வீட்டில் பேச ஆளில்லை. தெருவிலும் இல்லை.

மாதத்துக்கு ஒருமுறை நான் போவேன். ஏறிப் பிடித்த தண்ணீர், சோதித்த எண், கையெழுத்து. அறிக்கையை மேசையில் வைப்பேன். அவர் மேலிருந்து கீழே பார்ப்பார். “சரி” என்பார். நான் திரும்பி வருவேன். பத்தொன்பது ஆண்டுகளாக இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம், அந்த இரண்டு பேரும் ஒருதரம்கூட அதைப் பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு எப்போது வாசலைத் தாண்டுவோம் என்றுதான் இருக்கும்.

அவர் தன்னைப் பற்றி வருந்தி நான் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்றுக்காக வருந்தினார். பயந்துபோன பெற்றோர் சொட்டு மருந்தோடு சேர்த்துப் பேஸ்டையும் தூக்கி எறிந்தார்கள். ஃபுளூரைடு என்ற பெயரைக் கேட்டாலே விஷம் என்றார்கள். நான்கே வருடத்தில் மூன்று வயதுக் குழந்தைகளின் வாயில் பழைய கறுப்புக் கட்டைகள் திரும்பி வந்தன. அவர் வீடு வீடாக நடந்தார். “மிஞ்சினாத்தான் கெடுதி. இல்லவே இல்லன்னா அதுவும் கெடுதி. மூணு வயசுக்குள்ள ஒரு அரிசி அளவு பேஸ்ட், அதுக்கு மேல ஒரு பட்டாணி அளவு. பல்லு வெளக்கினதும் துப்பச் சொல்லுங்க. புட்டியோட தூங்க வைக்காதீங்க” என்று வாசலில் நின்று சொல்வார். பாதிப் பேர் கதவைத் திறக்கவே மாட்டார்கள். திறக்காத கதவின் முன்னாலும் அதே பாடத்தை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாராம். உதவியாளர் அம்மா ஒருநாள் பொறுக்காமல், “யாரு கேக்குறாங்கன்னு சொல்றீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“உள்ள ஆளு இருக்கு, காது இருக்கும்” என்றாராம் டாக்டரம்மா.

அந்த வீடுகளில் சில திறந்தன. சென்ற ஆண்டு எடுத்த கணக்கில் பத்தில் நான்கு. அவர் மறுபடி ஏழிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த நான்கு அது. இதற்குச் செய்தித்தாளில் படம் வரவில்லை. படம் எடுக்க யாரும் வரவில்லை.

போன மாதம் ஒரு காலை அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. உதவியாளர் அம்மாதான் போய்த் தட்டினார், பிறகு பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறார். அடக்கத்துக்குத் தம்பிக்குத் தகவல் சொல்லி ஆளனுப்பி, அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கும் நான் ஒரு காரணம். தம்பி எங்கே இருக்கிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளப் பத்தொன்பது ஆண்டுகளில் எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் போன இரண்டாம் நாள் அறிக்கை கொடுக்கிற நாள். கால் தானாக அங்கே போய்விட்டது. அறை பூட்டியிருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இதைப் பார்த்து ‘சரி’ என்று சொல்ல இனி ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு உலகத்தில் நெருக்கமானவர் என்று யாரைச் சொல்வது என்று கேட்டால், மாதம் ஒரு சொல் பேசிய அவரைத்தான் சொல்வேன். அவருக்கு நெருக்கமானவர் யார்? அவருடைய பெயரைக் கெடுத்தவன்தான் மிச்சம் இருந்தேன். இதைவிடத் தனிமை ஒரு மனுஷிக்கு வேண்டுமா?

டாக்டரம்மாவின் தம்பி அவர்களே, உங்கள் அக்கா பேருக்காக எதையும் செய்யவில்லை. உங்கள் மகளின் பல்லைக் கெடுத்தது என் பேனா. நீங்கள் அன்று சாத்திய கதவுக்குள் ஏச வேண்டியது என்னைத்தான். உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் நான் இல்லை. பத்தொன்பது ஆண்டு அக்காவை என்னால் திருப்பித் தர முடியாது. ஆனால் நீங்கள் இந்த ஊரைவிட்டுப் போகும்போது, அக்கா தவறு செய்தவர் என்ற நினைப்போடு போகக் கூடாது. அந்த நினைப்பை இங்கேயே என் மேல் இறக்கிவைத்துவிட்டுப் போங்கள்.

மகளே, உன்னிடம் ஒன்று. காலையில் நீ உதவியாளர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, “அத்தைக்கு என்னை ஞாபகம் இருந்துச்சா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. உன்னுடைய ஏழு வயது வரைக்கும் உனக்கு விழுந்த ஒவ்வொரு பால் பல்லும், எந்தத் தேதியில் விழுந்தது என்று எழுதிய சீட்டோடு, அவருடைய மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. உதவியாளர் அம்மாவிடம் சாவி இருக்கிறது. போய் எடுத்துக்கொள்.

தலைவர் அவர்களே, சபையோரே, அவருடைய வேலையைத் தொடர்வோம் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட கூட்டங்களை முடிப்பது வழக்கம். நானும் சொல்கிறேன், ஆனால் பொதுவாகச் சொல்ல மாட்டேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் சோதித்த எண்ணை அலுவலகத்துக்கு மட்டும் கொடுக்க மாட்டேன், ஒவ்வொரு காப்பகத்தின் வாசலிலும் ஒட்டுவேன். தொட்டியில் இருப்பது ஆற்றுத் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா என்பதையும் எழுதுவேன். என்னோடு யார் வேண்டுமானாலும் ஏணியேறி வந்து பார்க்கலாம். ஓய்வு பெற்ற பிறகு, அவர் நடந்த தெருக்களில் நடப்பேன். அரிசி அளவு, பட்டாணி அளவு, துப்பு என்று அதே பாடத்தை ஒப்பிப்பேன். ‘உன் பேச்சை ஏன் நம்ப வேண்டும்?’ என்று கேட்பார்கள். பொய் எழுதினால் ஒரு குழந்தையின் வாயில் என்ன நடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த ஊரில் இல்லை, அதனால் நம்புங்கள் என்பேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தீர்மானத்தில் அந்த வரியை அடித்துவிடுங்கள், தலைவர் அவர்களே. அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: தண்ணீர்ப் பரிசோதகர் சோதிக்காத எண்ணை எழுதிக் கொடுத்தார். அதனால் வந்த பழியை டாக்டர் அம்மையார் தன் பழியாக ஏற்றார். பரிசோதகர் பத்தொன்பது ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

எழுதி முடித்ததும் உரக்க வாசியுங்கள். மற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கட்டும். நான் நின்றுகொண்டே கேட்கிறேன்.